ஜாங்கோ ரெஸ்ட் ஃப்ரேம்வொர்க்: பட்டியல் வியூவில் இரண்டு மாத அனுபவம்

புத்தகங்களுக்கான ஒரு ஏபிஐ, அதாவது மற்ற நிரல்கள் தரவைக் கேட்டு வாங்கும் வழி, எழுத ஜாங்கோ ரெஸ்ட் ஃப்ரேம்வொர்க்கை எடுத்து இரண்டு மாதம் ஆகிறது. பைத்தானின் ஜாங்கோவில் ஏபிஐ எழுத உதவும் கருவி இது. ஒரே ஒரு புத்தகத்தைக் காட்டும் வியூ (கோரிக்கைக்குப் பதில் தரும் பகுதி) முதல் நாளே ஓடிவிட்டது. எல்லாப் புத்தகங்களையும் பட்டியலாகத் தரும் வியூதான் ஒரு சனிக்கிழமை முழுவதையும் விழுங்கியது.

வந்தது அட்ரிப்யூட் எரர். 'டைட்டில்' ஃபீல்டின் மதிப்பை எடுக்க முடியவில்லை, சீரியலைசரில் (தரவை அனுப்பத்தக்க வடிவுக்கு மாற்றும் பகுதி) ஃபீல்டின் பெயர் தவறாக இருக்கலாம் என்றது. அதை நம்பி, தரவுத்தள அட்டவணையை விவரிக்கும் மாடலையும் சீரியலைசரையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன். மாடல் மாற்றங்களைத் தரவுத்தளத்தில் ஏற்றும் மைக்ரேஷனை மறுபடி ஓட்டினேன். பெயரில் ஒரு பிழையும் இல்லை. அதே செய்தியின் கடைசி வரியை மாலையில்தான் நிதானமாகப் படித்தேன்: குவெரிசெட்டுக்கு டைட்டில் என்ற அட்ரிப்யூட் இல்லை. குவெரிசெட் என்பது தரவுத்தளத்திலிருந்து வரும் புத்தகங்களின் தொகுப்பு. புத்தகத்துக்குத் தலைப்பு உண்டு, புத்தகக் கட்டுக்கு ஏது? மொத்தக் குவெரிசெட்டையும் சீரியலைசரிடம் கொடுத்துவிட்டு, ஒன்றல்ல, பல இருக்கின்றன என்று சொல்லும் மெனி=ட்ரூ சேர்க்காமல் விட்டிருக்கிறேன். சேர்த்தேன், பட்டியல் வந்தது.

இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கைக்கு வந்தது குவெரிசெட் என்பது ஃப்ரேம்வொர்க்குக்கே தெரிகிறது, செய்தியிலும் அச்சிடுகிறது. அப்படியிருக்க, மெனி விட்டுப்போயிற்றா என்று முதல் வரியிலேயே கேட்டால் புதிதாக வருபவர்களின் நேரம் எவ்வளவோ மிஞ்சும்.

மற்ற எரர்கள் தெளிவானவை. மாடலிலிருந்தே ஃபீல்டுகளை எடுத்துக்கொள்ளும் மாடல் சீரியலைசரின் மெட்டாவில் (அமைப்புகளை எழுதும் இடம்) ஃபீல்ட்ஸ், எக்ஸ்க்ளூட் இரண்டுமே இல்லையென்றால் நேரடியாகச் சொல்லிவிடும். ஒரே ஃபீல்டை அடைப்புக்குறிக்குள் போட்டுக் கமாவை மறந்தால், பைத்தான் அதை டியூப்பிளாக (பல மதிப்புகளின் தொகுப்பு) எடுக்காமல் ஸ்ட்ரிங்காக (வெறும் எழுத்துச் சரம்) எடுக்கும். அதையும் கண்டுபிடித்துச் சொல்கிறது. ரெஸ்பான்ஸுக்குள் சீரியலைசர்.டேட்டா என்பதற்குப் பதில் வெறும் சீரியலைசரை வைத்தால், சீரியலைசரையே கொடுத்திருக்கிறீர்கள், அதன் டேட்டாவைத்தான் கொடுக்க நினைத்திருப்பீர்கள் என்று வரும்.

லிஸ்ட் ஏபிஐ வியூ என்ற ஆயத்த வியூ இருக்கும்போது பட்டியலைக் கையால் எழுதத் தேவையே இல்லை என்பேன். குவெரிசெட், சீரியலைசர் கிளாஸ் என்று இரண்டு வரி கொடுத்தால் போதும். மெனி=ட்ரூவை அதுவே போட்டுக்கொள்ளும், ரிக்வெஸ்டையும் கான்டெக்ஸ்டில் தானே அனுப்பும். ஐடிக்குப் பதில் இணைப்பு முகவரி தரும் ஹைப்பர்லிங்க் சீரியலைசர் பயன்படுத்துபவர்களுக்கு இந்த இரண்டாவது விஷயம் பெரிய நிம்மதி, முகவரியை உருவாக்க ரிக்வெஸ்ட் தேவை. பிரௌசரிலேயே ஏபிஐயைத் திறந்து பார்க்கும் வசதி ஒன்றே போதும், இந்த ஃப்ரேம்வொர்க்கைப் பரிந்துரைப்பேன்.

எரரே வராத பிழையில்தான் கவனம் வேண்டும். புத்தகத்தோடு ஆசிரியர் பெயரையும் சீரியலைசரில் சேர்த்தேன். 100 புத்தகத்துக்கு 101 குவெரி (தரவுத்தளக் கேள்வி) ஓடியது: பட்டியலுக்கு ஒன்று, ஒவ்வொரு புத்தகத்தின் ஆசிரியருக்கும் ஒன்று. ஒரு எச்சரிக்கையும் இல்லை. குவெரிசெட்டில், ஆசிரியரையும் சேர்த்தே எடுக்கும் செலக்ட் ரிலேட்டட் சேர்த்ததும் ஒன்றாகக் குறைந்தது. ஒரு புத்தகத்துக்குப் பல வகைகள் இருப்பதுபோன்ற மெனி டு மெனி உறவென்றால் ப்ரீஃபெட்ச் ரிலேட்டட்.

இன்னொன்று, நாமாகச் சொல்லாதவரை பக்கம் பிரிக்காது. அட்டவணையில் இருக்கும் அத்தனையும் ஒரே பதிலில் வரும். செட்டிங்ஸில் பேஜினேஷன் (பக்கம் பிரித்தல்) கிளாஸும் பேஜ் சைஸும் கொடுங்கள், குவெரிசெட்டுக்கு வரிசையைச் சொல்லும் ஆர்டர் பையும் வையுங்கள். பேஜ் நம்பர் பேஜினேஷன் வைத்தால் வெறும் பட்டியல் வராது: கவுன்ட், நெக்ஸ்ட், ப்ரீவியஸ் இவற்றோடு ரிசல்ட்ஸுக்குள்தான் புத்தகங்கள் இருக்கும். ஃப்ரன்ட்எண்ட் எழுதுபவரிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.