புதுக் காரின் ஆயில் அளவைப் பிறர் கையால் பார்க்க விட்டு நான் ஏமாந்த விவரம்

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் செல்பவர்கள், குறிப்பாகப் புதிதாகக் கார் வாங்கி முதல் நெடும்பயணம் கிளம்புகிறவர்கள், தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள். பெட்ரோல் பங்க் ஒன்றில் ‘இலவசப் பரிசோதனை’ என்று சொல்லி பானெட்டைத் திறந்த ஒருவர், ஆயில் குறையாமல் இருந்த என் காரில் ஒரு லிட்டர் தவறான ஆயிலை ஊற்றி, 1,430 ரூபாய் வாங்கிக்கொண்டு, முறையான ரசீதும் தராமல் அனுப்பிவைத்தார். அடுத்த எழுபது கிலோமீட்டருக்குள் கார் புகை கக்கத் தொடங்கியது.

எங்கள் குடும்பத்தில் இதுதான் முதல் கார். 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். வாங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. 1,000 கிலோமீட்டரில் முதல் இலவச சர்வீஸ் முடிந்து, ஆயில் அளவு சரியாக இருப்பதாக, சர்வீஸ் விவரச் சீட்டான ஜாப் கார்டில் குறித்துக் கொடுத்திருந்தார்கள். அக்கா மகளின் வளைகாப்புக்காக அப்பா, அம்மா, மனைவியுடன் திருநெல்வேலிக்குக் கிளம்பியபோது மீட்டர் 2,340 காட்டியது. வேப்பூரைத் தாண்டி, தொழுதூருக்கு முன்பாக, பெட்ரோல் போடுவதற்காக நிறுத்தினோம். பங்கின் ஓரத்தில் ஒரு சாமியானாவும், அதில் ‘வாகன இலவசப் பரிசோதனை’ என்ற பேனரும் இருந்தன. பங்க் ஊழியர்களின் சீருடையைப் போலவே சட்டை அணிந்திருந்த ஒருவர் வந்து, “சார், புது வண்டியா? பானெட்டைத் தட்டி விடுங்க, ஆயில், கூலன்ட் எல்லாம் ஃப்ரீயா பாத்துத் தர்றோம்” என்றார். பின் இருக்கையிலிருந்த அப்பா, “வண்டி வாங்கி நாலு மாசம்தானே ஆவுது, எதுக்குப்பா?” என்று கேட்டார். இலவசம்தானே என்று நான் திறந்து கொடுத்தேன்.

அவர் ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவி, துணியால் துடைத்து, மறுபடி செருகி, எடுத்து என் முகத்துக்கு நேராகக் காட்டினார். குச்சியின் நுனியில் மட்டும், குறைந்தபட்ச அளவைக் காட்டும் கீழ்க் குறிக்கும் கீழே, கொஞ்சம் ஆயில் ஒட்டியிருந்தது. “புது எஞ்சின் ஆயில் குடிக்கும் சார். இதோட மதுரை வரைக்கும்கூடப் போக முடியாது, சீஸ் ஆயிடும்” என்றார்; அதாவது எஞ்சின் இறுகி நின்றுவிடுமாம். அம்மா பயந்துவிட்டார். ஒரு லிட்டர் கேன் 780 ரூபாய் என்றும், எஞ்சினைப் பாதுகாக்கும் ‘ஆயில் ட்ரீட்மென்ட்’ என்று 300 மில்லி புட்டி ஒன்றுக்கு 650 ரூபாய் என்றும் சொன்னார். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மூடியைத் திறந்து இரண்டையும் ஊற்றிவிட்டார். பில் கேட்டபோது, கடையின் பெயரோ ஜி.எஸ்.டி. எண்ணோ இல்லாத ஒரு வெள்ளைத் துண்டுத்தாளில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். காலியான கேனை நான் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டேன். அன்று நான் செய்த ஒரே சரியான காரியம் அதுதான்.

பெரம்பலூரைக் கடக்கும்போதே எஞ்சின் சத்தம் சற்றுக் கனத்திருந்தது போல் தோன்றியது. பாடாலூரை நெருங்கியபோது தீய்ந்த எண்ணெய் வாடை உள்ளே அடித்தது. பின்னால் நீலம் பாய்ந்த புகை வருவதைக் கண்ணாடியில் பார்த்து ஓரம் கட்டினேன். காருடன் வந்திருந்த சாலையோர உதவித் திட்டத்தின் எண்ணுக்கு அழைத்து, வண்டியைத் திருச்சியில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கு ஏற்றி அனுப்புவதற்குள், என் பெற்றோர் இரண்டரை மணி நேரம் வெயிலில் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். வளைகாப்புக்கு மறுநாள்தான் போய்ச் சேர முடிந்தது.

சர்வீஸ் சென்டரில் மூத்த மெக்கானிக் ஒருவர் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்ததுமே, “யாரு சார் இவ்வளவு ஊத்துனது?” என்று கேட்டார். அதிகபட்ச அளவைக் காட்டும் மேல் குறியையும் தாண்டி விரல் அகலத்துக்கு மேல் ஆயில் நின்றது. நான் கேட்டுக்கொண்டபடி, ஆயில் தொட்டியின் அடியிலுள்ள டிரெயின் பிளக்கைக் கழற்றி வடித்த ஆயிலை அளவுக் குவளையில் ஊற்றிக் காட்டினார். 4.6 லிட்டர் இருந்தது. ஃபில்டரையும் சேர்த்து இந்த எஞ்சினின் கொள்ளளவே 3.5 லிட்டர்தான். அந்த 4.6 லிட்டரில் பங்கில் ஊற்றிய 1.3 லிட்டரைக் கழித்தால் 3.3 லிட்டர் மிஞ்சுகிறது; வடியாமல் உள்ளேயே தங்குவதையும் ஃபில்டரில் நிற்பதையும் சேர்த்துக்கொண்டால், நான் அந்தப் பங்குக்குள் நுழையும்போது ஆயில் கிட்டத்தட்ட முழு அளவில் இருந்திருக்கிறது. அந்தக் குவளையைக் கையில் பிடித்தபடி இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான், நடந்தது கவனக்குறைவு அல்ல, திட்டமிட்ட ஏமாற்று என்பது எனக்கு முழுதாக உறைத்தது.

குறியைத் தாண்டி ஆயில் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் அவரே பொறுமையாக விளக்கினார். கீழே ஆயில் தொட்டிக்கு மேலே சுழலும், எஞ்சினின் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்ட், மட்டம் உயர்ந்த ஆயிலில் மோதி அதை நுரைக்கவைக்கிறது. காற்றுக் குமிழி கலந்த ஆயிலால் பேரிங்குகளுக்குத் தேவையான அழுத்தத்தைத் தாங்க முடிவதில்லை. கூடவே ஆவியும் துளியுமாக மேலெழும் ஆயில், எஞ்சினின் மூச்சுக்குழாய் வழியாகக் காற்று உறிஞ்சும் பகுதிக்குள் போய் எரிகிறது; நான் பார்த்த நீலப் புகை அதுதான். அப்படியே நெடுநேரம் ஓட்டியிருந்தால் ஆயில் சீல்கள் கசியத் தொடங்கியிருக்கலாம், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் பாழாகியிருக்கலாம் என்றார். வண்டியை நிறுத்தியது நல்லதாகப் போயிற்று.

அந்த ஆள் எப்படிச் செய்தார் என்பதை ஊர் திரும்பிய பிறகு நானே சோதித்துப் பார்த்தேன். டிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டு, கைப்பிடி குழாயின் வாயில் முழுதாக உட்காராமல் ஓர் அங்குலம் மேலே நிற்கும்படி செருகி எடுத்தேன். என் காரில் மேல் குறிக்கும் கீழ்க் குறிக்கும் இடையே இருப்பதே ஏறக்குறைய அந்த அளவு இடைவெளிதான் என்பதால், ஆயில் முழு அளவில் இருந்தும் குச்சியின் நுனி மட்டுமே நனைந்தது. பங்கில் அந்தக் கைப்பிடி முழுதாக இறங்காமல் துருத்திக்கொண்டிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அது எப்படி உட்கார வேண்டும் என்பதை அதற்கு முன் ஒருநாளும் பார்த்திராததால் எனக்கு எதுவும் தோன்றவில்லை. போதாக்குறைக்கு, நெடுஞ்சாலையில் ஓடி வந்து அப்போதுதான் நிறுத்திய எஞ்சினில் ஆயிலின் ஒரு பகுதி மேலேயே சுற்றிக்கொண்டிருந்திருக்கும். அது கீழே வடிந்து சேர்வதற்குள் பார்த்தால், முழுதாகச் செருகினாலும் அளவு குறைவாகத்தான் தெரியும்.

இந்த ஏமாற்று பலிப்பதற்குக் காரணம், அதில் பாதி உண்மையும் கலந்திருப்பதுதான். புதிய எஞ்சினில் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு பழகிப் பொருந்தும் வரை கொஞ்சம் ஆயில் செலவாவது உண்டு. அதனால் புதுக் காருக்கு ஆயில் பார்க்கவே தேவையில்லை என்று நினைப்பதும் தவறு. அப்படி நான்கு மாதம் நினைத்திருந்தவன் நான். ஆயில் குறைந்தால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும் என்றும் நம்பியிருந்தேன். எண்ணெய்க் குடுவை வடிவத்தில் இருக்கும் அந்தச் சிவப்பு விளக்கு ஆயிலின் அளவைக் காட்டுவதல்ல, அழுத்தத்தைக் காட்டுவது. ஓடும்போது அது எரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்திவிட வேண்டும்; அடுத்த ஊர் வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்கக் கூடாது.

இப்போது பதினைந்து நாளுக்கு ஒருமுறையும், நெடும்பயணத்துக்கு முந்தைய நாளும் நானே பார்க்கிறேன். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். எஞ்சின் சூடேறும் வரை ஓடவிட்டு, அணைத்து, ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று என் காரின் கையேடு சொல்கிறது. சில கார்களுக்கு முறை மாறும் என்பதால் உங்கள் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். மஞ்சள் வளையம் உள்ள குச்சியை உருவி, நூல் உதிராத துணியால் துடைத்து, கைப்பிடி அழுந்தி உட்காரும் வரை செருகி, மறுபடி எடுத்துக் கிடைமட்டமாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் வேறு வேறு உயரத்தில் ஆயில் தெரிந்தால் குறைவான பக்கத்தையே கணக்கில் கொள்ளுங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவே எங்கு நின்றாலும் அது சரியான அளவுதான். மேல் குறியைத் தொட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உண்மையிலேயே குறைந்திருந்தால், புனல் வைத்து 200 மில்லி மட்டும் ஊற்றி, சில நிமிடம் பொறுத்து, மீண்டும் அளந்து, அதன் பிறகே அடுத்த 200 மில்லியைப் பற்றி யோசிக்க வேண்டும். முழு லிட்டரையும் ஒரே மூச்சில் கவிழ்ப்பவர் யாராக இருந்தாலும் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

டீசல் கார் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பி.எஸ். 6 (இப்போதைய புகை மாசு வரம்பு விதி) டீசல் எஞ்சின்களில் உள்ள புகைத்துகள் வடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும் வேலை, குறுகிய தூர நகர ஓட்டத்தால் அடிக்கடி பாதியில் நின்றுபோனால், எரியாத டீசல் ஆயிலில் கலந்து, யாரும் ஊற்றாமலே அளவு உயரும். மாதாமாதம் அளவு ஏறிக்கொண்டே போனால் சர்வீஸ் சென்டரில் காட்டிவிடுங்கள்.

ஊற்றப்பட்ட ஆயிலின் ரகத்துக்கு வருகிறேன். என் எஞ்சினுக்கு உரியது 0டபிள்யூ–20. கேனில் இருந்ததோ 20டபிள்யூ–40. ‘டபிள்யூ’வுக்கு முன்னுள்ள எண் குளிர்ந்த நிலையில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், பின்னுள்ள எண் 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதையும் குறிக்கின்றன. இக்கால எஞ்சின்களின் நுண்ணிய இடைவெளிகளும், வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பின் ஆயில் வழிகளும் இளகிய ஆயிலை எதிர்பார்த்தே வடிவமைக்கப்பட்டவை. நம் ஊர் வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் தாங்கும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். உங்கள் கையேடு அதை அனுமதிக்காதவரை அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். உண்மையைச் சொன்னால், ஒரு லிட்டர் மாற்று ரக ஆயில் கலந்ததைவிட, அளவு மிஞ்சியதுதான் என் காருக்குப் பெரிய ஆபத்தாக இருந்தது என்றே மெக்கானிக் கருதினார். ஆனாலும் ஒரு செய்தியை நினைக்கும்போது இன்றும் மனம் கொதிக்கிறது: ஆயில் ஊற்றும் வாயின் மூடியிலேயே ‘0டபிள்யூ–20’ என்று அச்சிட்டிருக்கிறது. அந்த மூடியைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர் 20டபிள்யூ–40 ஊற்றினார்.

திருச்சி சர்வீஸ் சென்டரில் அந்த மெக்கானிக் நேர்மையானவர். முன்மேசையில் இருந்தவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. எஞ்சின் ஃப்ளஷ் (உட்புறம் கழுவுதல்), த்ராட்டில் பாடி (எஞ்சினுக்குள் காற்று நுழையும் பகுதி) சுத்தம் என்று நான் கேட்காதவற்றை எல்லாம் மதிப்பீட்டில் சேர்த்திருந்தார்கள். மெக்கானிக் தேவையில்லை என்று சொன்ன பிறகே நீக்கினார்கள். 3.5 லிட்டர் பிடிக்கும் எஞ்சினுக்கு 4 லிட்டருக்கு பில் போட்டார்கள். மீதி அரை லிட்டர் எங்கே என்று கேட்டபோது, கேன் உள்ளேயிருந்து வந்தது. பணம் கொடுத்தது நாம் என்பதால் அது நம் ஆயில். பின்னாளில் கொஞ்சம் ஊற்ற வேண்டி வந்தால் அதே ரகம் கைவசம் இருக்கும். ஆயில், ஃபில்டர், வாஷர், கூலி என எல்லாம் சேர்த்து 3,120 ரூபாய் ஆயிற்று. வெளியில் தவறான ஆயில் ஊற்றப்பட்டது, வடித்த அளவு 4.6 லிட்டர், முழுவதும் மாற்றப்பட்டது ஆகிய மூன்றையும் ஜாப் கார்டில் எழுதி வாங்கிக்கொண்டேன். நாளைக்கு எஞ்சினில் ஏதாவது கோளாறு வந்து வாரன்ட்டி கேட்க நேர்ந்தால், உடனே சரி செய்ததற்கு ஆதாரம் வேண்டும் அல்லவா?

திரும்பி வரும் வழியில் அதே பங்கில் இறங்கினேன். சாமியானா அப்படியே இருந்தது. அந்த ஆள் இல்லை. மேலாளர், “அவங்க வேற ஆளுங்க சார், இடம் மட்டும்தான் குடுத்திருக்கோம்” என்றார். மூன்று முறை கேட்ட பிறகே புகார்ப் புத்தகம் கைக்கு வந்தது. நடந்ததை நாள், நேரம், தொகையுடன் எழுதி, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915–இலும் புகார் பதிந்திருக்கிறேன். 2019–ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற பொருளுக்கு ரசீது தராததே முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்று. 5 லட்சம் ரூபாய் வரை பணம் கொடுத்து வாங்கிய பொருளுக்கோ சேவைக்கோ மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடக் கட்டணம் இல்லை; இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். உதவி எண் மூலம் தீரவில்லை என்றால் நான் அங்கே போகத்தான் போகிறேன். துண்டுத்தாள், காலிக் கேன், ஜாப் கார்டு, அளவுக் குவளையின் படம் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். வேப்பூருக்கும் தொழுதூருக்கும் இடையே இதே சாமியானாவில் ஆயில் ஊற்றிக்கொண்டவர்கள் இதைப் படித்தால், முதலில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்திக் குச்சியை உருவிப் பாருங்கள். மேல் குறியைத் தாண்டியிருந்தால் எஞ்சினை இயக்காமல், ஆயிலை வடிக்க ஏற்பாடு செய்துவிட்டு, 1915–க்கு நீங்களும் அழையுங்கள்.