சியாங் மாய்ல ஒன்றேகால் வருஷம்: தாய்லாந்து ரிட்டையர்மென்ட் விசா வொர்த்தா?

மொதல்லயே ஸ்டாரை சொல்லிடுறேன், முழுசா படிக்க பொறுமை இல்லாதவங்களுக்காக. விசாவுக்கு 5க்கு 3. ஊருக்கு 4. மார்ச் மாசத்துக்குன்னு தனியா கேட்டா பூஜ்யம்தான்.

நானும் வீட்டம்மாவும் இங்கிலாந்துல 30 வருஷத்துக்கு மேல இருந்துட்டோம், எனக்கு 62 ஆச்சு, வேலைய விட்டாச்சு, குளிரு முட்டிக்குள்ள போய் உக்காந்துக்குச்சு, பையன் ஒரு பக்கம் பொண்ணு ஒரு பக்கம் செட்டில் ஆயிட்டாங்க, சரி இனிமே வெயில் அடிக்கிற ஊரா பாத்து போய் கம்மி செலவுல நிம்மதியா இருப்போம்னு ஒரு நெனப்பு. யூடியூப்ல பாத்தா ஒவ்வொருத்தரும் இளநீர்ல ஸ்ட்ராவ போட்டுக்கிட்டு பல்லு தெரிய சிரிக்கிறாங்க. நான் மொதல்ல பாத்தது மலேசியா, தமிழ் பேசலாம், கோயில் இருக்கு, இட்லி இருக்கு, வேற என்ன வேணும். ஆனா அங்க எம்எம்2எச்னு ஒரு திட்டம், மாச வருமானம் 10,000 ரிங்கிட் காட்டினா போதும்னு இருந்தத 2021ல ஒரே தாவா 40,000ன்னு ஆக்கிட்டாங்க. அப்பறம் 2024ல மறுபடி மாத்தி சில்வர் கோல்டு பிளாட்டினம்னு நகைக்கடை சீட்டு மாதிரி பிரிச்சு, சில்வருக்கே 1,50,000 டாலர் டெபாசிட், அது போக 6 லட்சம் ரிங்கிட்டுக்கு கொறையாம வீடும் வாங்கணும்னு வச்சிருக்காங்க. நம்ம தகுதிக்கு அது ஆகாது.

அப்படித்தான் தாய்லாந்து பக்கம் திரும்பினோம். 50 வயசு தாண்டியிருக்கணும், தாய் பேங்க்ல உங்க பேர்ல 8 லட்சம் பாட் இருக்கணும், இல்லன்னா மாசம் 65,000 பாட் வருமானம் உள்ள வரணும், ரெண்டையும் கலந்தும் காட்டலாம். முன்னெல்லாம் வருமானத்துக்கு எம்பஸில ஒரு லெட்டர் வாங்கினா போதுமாம், 2019 ஜனவரில இருந்து பிரிட்டிஷ் எம்பஸி அத நிறுத்திட்டாங்க, அதனால பெரும்பாலும் எல்லாரும் பேங்க்ல பணத்த போட்டு வச்சிடுறாங்க. 8 லட்சம்னா அன்னிக்கு ரேட்டுக்கு சுமாரா 18,000 பவுண்டு. செலவு ஆகிற பணம் இல்ல, நம்ம பணம்தான், ஆனா அப்ளை பண்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே அங்க இருக்கணும், விசா கெடச்சப்பறம் மூணு மாசம் தொடக்கூடாது, அதுக்கப்பறமும் 4 லட்சத்துக்கு கீழ எறங்கவே கூடாது. வீட்டம்மாவுக்கு இன்னொரு 8 லட்சம் போட வேணாம், கல்யாண சர்ட்டிபிகேட்ட மொழிபெயர்த்து முத்திரை வாங்கி குடுத்தா என் விசாவுல தொத்திக்கிட்டு வரலாம். அப்ப இது பெரிய லாபமா தெரிஞ்சுது. ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி இதுக்கு வருவேன்.

2023 நவம்பர்ல 'நான்-ஓ'ன்னு ஒரு 90 நாள் விசாவுல போய் எறங்கினோம், 2024 பிப்ரவரில அங்கயே ஒரு வருஷத்துக்கு நீட்டிச்சோம். ஃபீஸ் 1,900 பாட்தான். சத்தியமா சீப். ஆனா எல்லாரும் ரிட்டையர்மென்ட் விசா ரிட்டையர்மென்ட் விசான்னு சொல்றாங்களே தவிர அது நெரந்தர குடியுரிமை மாதிரி எதுவும் கெடையாது, வருஷா வருஷம் நீட்டிக்கிற ஒரு முத்திரை, அவ்வளவுதான். 90 நாளைக்கு ஒரு தடவ இன்ன இடத்துல இருக்கேன்னு இமிக்ரேஷனுக்கு சொல்லணும், லேட்டானா 2,000 பாட் ஃபைன். நாட்ட விட்டு வெளிய போறதுக்கு முன்னாடி ரீ-என்ட்ரி பெர்மிட் எடுக்கணும், ஒரு தடவைக்கு 1,000 பாட், பல தடவைக்கு 3,800, அத மறந்துட்டு ஃப்ளைட் ஏறினா வருஷ விசா அங்கயே காலி. பொண்ண பாக்க போறப்ப ஏர்போர்ட் வாசல்ல வந்துதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு, நல்ல வேளை பாங்காக் ஏர்போர்ட்லயே கவுன்டர் இருந்துச்சு.

ஏஜென்ட் வேணுமான்னு கேப்பீங்க. நான் ஒருத்தர வச்சேன், பேர் வேணாம். வீட்டு ஓனர் நம்மள பத்தி இமிக்ரேஷனுக்கு குடுக்க வேண்டிய டிஎம் 30ன்னு ஒரு பாரம் இருக்கு, அத போட்டாச்சுன்னு சொன்னாரு, போடல, கவுன்டர்ல போய் நின்னப்ப தெரிஞ்சுது, ஃபைன் நான்தான் கட்டினேன். அதுக்கப்பறம் அவரே வந்து "சார் எதுக்கு 8 லட்சத்த முடக்குறீங்க, நாங்களே உங்க அக்கவுன்ட்ல போட்டு எடுத்துக்குறோம், ஃபீஸ் மட்டும் குடுங்க"ன்னாரு. அதுக்கு நெறைய பேர் தலையாட்டுறாங்க போல. சட்டப்படி அது தப்பு, மாட்டினா ஊர விட்டு அனுப்புவாங்க, 62 வயசுல எனக்கு அந்த அசிங்கம் தேவையா. அடுத்தடுத்த வேலையெல்லாம் நானே போய் கியூல நின்னு பண்ணிக்கிட்டேன், அரை நாள் போகும், அவ்வளவுதான்.

ஊர் நல்ல ஊருங்க. பழைய நகரத்த சுத்தி சதுரமா அகழி, மேற்கால டோய் சுதேப் மலை, சிவப்பு கலர் சாங்தாவ் வண்டில கைய காட்டி ஏறிக்கலாம், நம்ம ஷேர் ஆட்டோவோட அண்ணன்னு வச்சுக்கோங்க. ஒரு பெட்ரூம் காண்டோ மாசம் 16,000 பாட்டுக்கு எடுத்தோம். வாங்கலாமேன்னு ஒரு சபலம் வந்துச்சு, வெளிநாட்டுக்காரங்க நெலம் வாங்க முடியாது, காண்டோன்னா ஒரு கட்டடத்துல 49 சதவீத எடம் வரைக்கும்தான் வெளிநாட்டுக்காரங்க பேர்ல இருக்கலாம். வீட்டம்மா ஒரே வார்த்தைல முடிச்சுட்டாங்க, "வருஷா வருஷம் பர்மிஷன் கேக்குற ஊர்ல சொந்த வீடு எதுக்கு?"

நாங்க சைவம். மீன் சாஸ் இல்லாம அந்த ஊர்ல எதுவும் எறங்காது, மொதல் மாசம் பட்ட பாடு கொஞ்ச நஞ்சமில்ல, அப்பறம் ரெண்டு வார்த்தை கத்துக்கிட்டோம், ஒண்ணு "ஜே", மஞ்சக் கொடில செவப்பு எழுத்து போட்ட கடைங்க, சுத்த சைவம், பூண்டு வெங்காயம் கூட கெடையாது. இன்னொண்ணு "மங்சவிரத்". காதுல விழுந்தப்ப எங்கயோ கேட்டாப்ல இருக்கேன்னு பாத்தா மாம்ச விரதி, நம்ம நாட்டு பழைய மொழில இருந்து போனது. ஏப்ரல் 13ல ஆரம்பிச்சு சோங்க்ரான்னு அவங்க புது வருஷம், அதுவும் சங்கராந்திதான், நம்ம சித்திரை பொறக்குற அதே நேரம். நாங்க மாங்கா பச்சடி பண்ணி தட்டுல வச்சுக்கிட்டு பால்கனில நின்னா கீழ ஊரே ஒருத்தர் மேல ஒருத்தர் தண்ணிய ஊத்தி வெளையாடுது, அந்த ஒரு நாளுக்காகவே ஒரு ஸ்டார் கூட குடுக்கலாம்.

இப்ப மார்ச்சுக்கு வரேன். வடக்குல பிப்ரவரி பாதில இருந்து ஏப்ரல் வரைக்கும் வயல்ல சோளத் தட்டைய கொளுத்துறாங்க, காட்டுலயும் தீ, பக்கத்து நாடுகள்ல இருந்தும் பொகை வருது, சுத்தி மலையா இருக்கிறதால அது வெளிய போக வழியில்லாம கிண்ணத்துல ஊத்தின மாதிரி நிக்குது. உலகத்துலயே மோசமான காத்து உள்ள பெரிய நகரங்கள் பட்டியல்ல அந்த நாட்கள்ல சியாங் மாய் அடிக்கடி மொதல் எடத்துல வந்து நிக்கும். டோய் சுதேப் மலையே காணாம போச்சு, நெஜமாவே, நேத்து இருந்த மலை இன்னிக்கு இல்ல. கதவு எல்லாம் சாத்தி ஏர் ப்யூரிஃபயர் போட்டு ரூம்ல அடைஞ்சு கெடந்தோம். குளிருக்கு பயந்து வீட்டுக்குள்ள கெடந்தவங்க இப்ப பொகைக்கு பயந்து வீட்டுக்குள்ள. டிசம்பர்ல ரெண்டு வாரம் டூர் வந்துட்டு ஊர முடிவு பண்றவங்க தயவு செஞ்சு மார்ச்ல ஒரு தடவ வந்து மூச்சு விட்டு பாருங்க.

பக்கத்து ரூம்ல ஒரு வெள்ளைக்காரர், 73 வயசு, 2016ல வந்தவர். அவர் சொல்லித்தான் எனக்கு பென்ஷன் கதை முழுசா ஒறைச்சுது. அவர் வந்தப்ப பிரிட்டிஷ் ஸ்டேட் பென்ஷன் முழுத் தொகை வாரம் 155.65 பவுண்டு. 2024ல இங்கிலாந்துல இருக்கிறவங்களுக்கு 221.20. இவருக்கு இன்னும் அதே 155.65. தாய்லாந்து, மலேசியா, இந்தியா, இலங்கைன்னு போய் உக்காந்தா அன்னிக்கு என்னவோ அதோட நின்னு போச்சு, அதே ஆளு பிலிப்பைன்ஸ் போயிருந்தா வருஷா வருஷம் ஏறியிருக்கும், ஏன்னா அந்த நாட்டோட ஒப்பந்தம் இருக்கு. "வரப்போ ராஜா மாதிரி இருந்தேன், இப்ப முட்டைய எண்ணி வாங்குறேன்"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. மெடிக்கல் இன்சூரன்ஸும் இல்ல, 70க்கு மேல பிரீமியம் கட்ட முடியலன்னு விட்டுட்டாரு. எங்க விசாவுக்கும் இன்சூரன்ஸ் கட்டாயம் இல்ல, எம்பஸில இருந்தே வாங்கிட்டு போற ஓ-ஏ விசாவுக்குத்தான் கட்டாயம், நானும் அத சலுகைன்னு நெனச்சு எடுக்காமலே இருந்தேன், சுகர் இருக்கிறதால எனக்கு பாதி விஷயத்த கவர் பண்ண மாட்டோம்னு வேற சொன்னாங்க.

அப்பறம் ஜூன்ல ஒரு நாள் வீட்டம்மா நடைபாதைல விழுந்துட்டாங்க. அந்த ஊர் நடைபாதைய பாத்தவங்களுக்கு தெரியும், நடுவுல போஸ்ட் மரம், திடீர்னு ஒரு குழி. மணிக்கட்டு ஒடைஞ்சு போச்சு. தனியார் ஆஸ்பத்திரி, கவனிப்ப கொறை சொல்லவே முடியாது, ஒரு மணி நேரத்துல எக்ஸ்ரே, டாக்டர் பொறுமையா இங்கிலீஷ்ல வெளக்குறாரு, மறுநாளே பிளேட் வச்சு ஆபரேஷன். இங்கிலாந்துல இதுக்கு எத்தன நாள் காத்திருக்கணுமோ. ஆனா ஆபரேஷனுக்கு முன்னாடி கிரெடிட் கார்ட தேய்க்க சொன்னாங்க, மொத்தம் ரெண்டு லட்சம் பாட்டுக்கு கிட்ட. 8 லட்சத்துல இருந்து எடுத்தா அடுத்த தடவ நீட்டிக்கிறதுக்குள்ள திருப்பி ரொப்பணுமே, அதனால பையன்கிட்ட கேட்டு வாங்கினேன்.

கைல கட்டோட உக்காந்திருந்தப்ப அவங்க கேட்டது, "ஏங்க, விழுந்தது நான், நீங்க பாத்துக்கிட்டீங்க. உங்களுக்கு ஏதாவது ஆனா எனக்கு இந்த ஊர்ல என்னங்க இருக்கு?" சும்மா பொலம்பலா கேக்கல, விசாரிச்சு வச்சுக்கிட்டுத்தான் கேட்டாங்க. அவங்க விசா என் விசாவுல தொத்திக்கிட்டு இருக்கு, நான் போயிட்டா அதுவும் போச்சு, அவங்க பேர்ல புதுசா 8 லட்சம் காட்டணும். இருக்கிற 8 லட்சமோ என் ஒருத்தன் பேர்ல, ஆள் செத்தா பேங்க் அக்கவுன்ட்ட முடக்கிடும், தாய் கோர்ட்ல ஆர்டர் வாங்கித்தான் எடுக்கணும், அங்கயே தனியா உயில் எழுதி வச்சிருந்தாலும் கோர்ட் படி ஏறாம ஆகாது. புருஷன பறிகுடுத்த வாரத்துல, மொழி தெரியாத ஊர்ல, பாரத்த தூக்கிக்கிட்டு இமிக்ரேஷன் கியூல நிக்கணும். எனக்கு பதில் வரல. 62 வயசுல பண்ணின கணக்கு எல்லாம் ரெண்டு பேரும் கல்லு மாதிரி இருப்போம்னு வச்சு பண்ணினது. இந்த விசா தனி ஆளுக்கு, இல்லன்னா ஆளுக்கு 8 லட்சம் தனித்தனியா போட முடிஞ்சவங்களுக்கு பரவாயில்ல. காச மிச்சம் பண்றோம்னு பொண்டாட்டிய வால்ல கட்டிக்கிட்டு போறவங்க நல்லா யோசிங்க.

கடைசி கட்டத்துக்கு ஆளே இல்லாத ஊருன்னு சொல்ல வரல. சியாங் மாய் பக்கம் மறதி நோய் வந்தவங்கள ஸ்விட்சர்லாந்துல இருந்தே கூட்டிட்டு வந்து வச்சு பாத்துக்கிற எடமெல்லாம் இருக்கு, சியாங் மாய் ஆளுங்க வயசானவங்கள கைய புடிச்சு நடத்துறத பாத்தா மனசு எளகிடும். காசு இருந்தா எல்லாம் இருக்கு.

2025 பிப்ரவரில எக்ஸ்டென்ஷன் முடிஞ்சப்ப நான் புதுப்பிக்கல. இன்னொரு காரணம் வரி, வருஷத்துல 180 நாள் தங்கினா அங்க டாக்ஸ் ரெசிடென்ட், 2024 ஜனவரில இருந்து வெளிநாட்டு வருமானத்த எந்த வருஷம் உள்ள கொண்டு வந்தாலும் கணக்குல வரும், 2023 முடியுற வரைக்கும் சம்பாதிச்சதுக்கு மட்டும் விலக்கு. என் சேமிப்பு இன்னும் கொஞ்ச நாள் தாங்கும், அதுக்கப்பறம் அந்த தலைவலியும் சேரும். அதுக்கு பதிலா குளிர் மூணு மாசம் மட்டும் அங்க, மிச்சம் இங்கிலாந்து. குடியிருப்பு இங்கயே இருக்கிறதால என்எச்எஸ்ங்கிற அரசாங்க வைத்தியம் போகாது, 67 வாக்குல வர்ற பென்ஷனும் ஏற வேண்டிய அளவு ஏறும், தாய் டாக்ஸும் இல்ல, பொகையும் இல்ல. 2024 ஜூலைல இருந்து பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு விசா இல்லாமலே 60 நாள்னு ஆக்கினாங்க, அங்க போய் 30 நாள் நீட்டிக்கலாம்னும் இருந்துச்சு, எங்களுக்கு அது போதும். போறதுக்கு முன்னாடி ரூல் அப்படியே இருக்கான்னு பாத்துக்கோங்க, அந்த ஊர்ல மாத்துறதுக்கு ரொம்ப நாள் எடுக்க மாட்டாங்க.

குளிருக்கு ஹீட்டர் போடுற காசுல பாதி அங்க வாடகைக்கு சரியா போகுதுன்னு வீட்டம்மா கணக்கு போட்டு வச்சிருக்காங்க. பெட்டில எடம் இல்லன்னு குக்கரையும் தோசைக்கல்லையும் அந்த வெள்ளைக்காரர் வீட்லயே விட்டுட்டு வந்தோம், போன வாரம் போன் பண்ணி விசில் எத்தன வரணும்னு கேக்குறாரு.