மலிவு விலை கிட்டார் காப்பிகள்: முதலில் டெலி, அடுத்து ஸ்ட்ராட், லெஸ் பாலுக்குக் காசு சேருங்கள்

கையில் பதினைந்தாயிரம் ரூபாய் இருக்கிறது, லெஸ் பால் மாதிரியே ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் பார்த்து வைத்திருக்கிறேன் என்று என்னிடம் கற்க வரும் பையன்கள் சொல்லும்போதெல்லாம் என் பதில் ஒன்றுதான்: அந்தக் காசுக்கு டெலிகாஸ்டர் காப்பி வாங்கு. லெஸ் பால் கிப்சன் நிறுவனத்தின் மாடல்; டெலிகாஸ்டர் (சுருக்கமாக டெலி), ஸ்ட்ராட்டோகாஸ்டர் (ஸ்ட்ராட்) இரண்டும் ஃபெண்டர் நிறுவனத்தின் மாடல்கள். கேட்பவர்களுக்குக் கசக்கிறது, தெரியும். ஆனால் மலிவு காப்பிகளில் எது தேறும், எது தேறாது என்பது எந்த பிராண்ட் என்பதைவிட, எந்த கிட்டாரைப் பார்த்து காப்பியடித்திருக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

காரணம் அசலிலேயே இருக்கிறது. டெலியை உருவாக்கிய லியோ ஃபெண்டருக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது. கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். 1950-இல் அவர் கொண்டுவந்து, அடுத்த வருடம் டெலிகாஸ்டர் என்று பெயர் மாறிய கிட்டார் என்பது ஒரு தட்டையான மரப்பலகை, அதில் நாலு திருகு போட்டு முடுக்கிய நெக் (கம்பிகள் ஓடும் நீண்ட கழுத்து), அவ்வளவுதான். நெக் கெட்டுப்போனால் கழற்றிவிட்டு வேறு மாட்டிக்கொள்ளலாம். தொழிற்சாலையில் வேகமாகச் செய்ய வேண்டும் என்று யோசித்தே வரைந்த வடிவம் அது. அதனால்தான் இன்று இந்தோனேசியாவிலோ சீனாவிலோ ஒரு கணினி இயந்திரம் அதே பலகையை அதே அளவில் வெட்டித் தள்ளும்போது பெரிதாக எதுவும் தொலைந்துபோவதில்லை. 1952-இல் வந்த கிப்சன் லெஸ் பால் அப்படியில்லை: மஹோகனி உடலின் மேல் மேப்பிள் மரத்தை வளைவாகச் செதுக்கி ஒட்டியிருப்பார்கள், நெக்கைச் சற்றே சாய்த்துப் பசை போட்டு இறுக்கியிருப்பார்கள். அங்கே காசு போவது கைவேலைக்கு. விலையைக் குறைக்க ஆரம்பித்தால் முதலில் வெட்டு விழுவதும் அந்தக் கைவேலையில்தான். பத்தாயிரம் ரூபாய் லெஸ் பாலில் நீங்கள் பார்க்கும் அழகான மேப்பிள் ரேகை பெரும்பாலும் காகிதம் போன்ற மெல்லிய படலம், நெக்கும் திருகில் மாட்டியதாகவே இருக்கும்.

காப்பி என்றாலே மட்டம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சரித்திரம். எழுபதுகளின் கடைசியில் ஜப்பானில் டோக்காய், கிரெக்கோ போன்றவர்கள் செய்த காப்பிகள் அசலையே தூக்கிச் சாப்பிடும் தரத்தில் இருந்தன. 1977-இல் கிப்சனின் தாய் நிறுவனம் ஹெட்ஸ்டாக் (ட்யூனிங் சாவிகள் இருக்கும் தலைப்பகுதி) வடிவத்துக்காக ஜப்பானிய பிராண்டான ஐபனெஸ் மீது அமெரிக்காவில் வழக்கே போட்டது. ஃபெண்டர் வேறு வழியில் போனது: 1982-இல் ஸ்கொயர் என்ற பெயரில், ஜப்பானின் ஃபுஜிஜென் தொழிற்சாலையில் தன் கிட்டாருக்குத் தானே மலிவு காப்பி செய்ய ஆரம்பித்தது. அந்த முதல் வரிசை ஸ்கொயர்களை இன்று நல்ல விலை கொடுத்துத் தேடி வாங்குகிறார்கள்.

உடல் வடிவம் அச்சு அசலாக இருக்கும், ஹெட்ஸ்டாக் மட்டும் ஏன் கோணலாக வேறு மாதிரி இருக்கிறது என்று பலர் கேட்பார்கள். ஸ்ட்ராட், டெலி உடல் வடிவங்கள் எல்லோரும் பயன்படுத்தும் பொது வடிவங்களாகிவிட்டன, அவற்றை வணிக முத்திரையாகப் பதிய முடியாது என்று 2009-இல் அமெரிக்காவில் தீர்ப்பானது. ஹெட்ஸ்டாக் வடிவம் ஃபெண்டருடைய முத்திரையாகவே நீடிக்கிறது. ஆக, வேறு ஹெட்ஸ்டாக், சொந்தப் பெயர் என்று வருவது நேர்மையான காப்பி. மாறாக இருபதாயிரத்துக்கு ‘கிப்சன்’ என்றே பெயர் ஒட்டி வந்தால் அது போலி, தயவுசெய்து தொடாதீர்கள், ஏனென்றால் பெயரிலேயே பொய் சொல்பவன் உள்ளே மரத்திலும் ஒயரிங்கிலும் மட்டும் உண்மையாக இருப்பான் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

சரி, கையில் எடுத்தால் எப்படி இருக்கிறது? பத்தாயிரத்துக்குள் ஆன்லைனில் கிடைத்த ஒரு ஸ்ட்ராட் காப்பியை அண்மையில் பிரித்துப் பார்த்தேன், பெயர் வேண்டாம். பெயிண்ட் அருமை, நெக் நேராக இருந்தது, நெக் உடலில் இறங்கும் இடத்தில் சீட்டு நுழையக்கூட இடைவெளி இல்லை. இயந்திரம் செய்கிற வேலை எல்லாமே நன்றாக இருந்தது. மனிதன் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை எதுவும் நடந்திருக்கவில்லை. நெக்கின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து இழுத்தால் ஃப்ரெட் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) முனைகள் ரம்பப் பல் மாதிரி கீறின. ட்யூன் செய்யும்போது ‘டிங்’ என்று ஒரு சத்தம் வந்து சுருதி தாவியது: நட்டில் (நெக்கின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் சிறு கட்டை) வெட்டிய பள்ளம் கம்பிக்குச் சரியாக இல்லாததால் கம்பி அங்கே சிக்கிச் சிக்கி நகர்கிறது. எல்லோரும் ட்யூனிங் சாவியைத்தான் திட்டுவார்கள், பாவம், அதன் மேல் தப்பே இல்லை. பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்துவிட்டாலே பாதி சரியாகிவிடும், மீதிக்கு அரம் வேண்டும்.

ட்ரெமோலோ, அதாவது பிரிட்ஜை அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்கும் அமைப்பு, இன்னொரு விஷயம். பழைய ஸ்ட்ராட்டில் பிரிட்ஜுக்கு (உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் பகுதி) அடியில் கனமான எஃகுக் கட்டி இருக்கும், மலிவு காப்பிகளில் துத்தநாக வார்ப்பில் மெல்லிசாக ஒன்றைப் போட்டிருப்பார்கள். எஃகு வாங்கி மாற்றிவிடலாம் என்று உடனே கிளம்பாதீர்கள். அமெரிக்க ஸ்ட்ராட்டின் ஆறு திருகு பிரிட்ஜில் முதல் துளைக்கும் கடைசித் துளைக்கும் இடையே சுமார் 56 மில்லிமீட்டர், இவற்றில் பெரும்பாலும் அதைவிடக் குறைவாக இருக்கும், அந்த அளவுக்குச் செய்தது பொருந்தாது. சிலவற்றில் உடலே மெல்லிசு, புதுக் கட்டி பின்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். டெலியில் இந்தத் தலைவலியே கிடையாது, பிரிட்ஜ் அசையாது, முதல் கிட்டாராக நான் அதைச் சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

பிக்கப்பைப் பற்றி, அதாவது கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பகுதியைப் பற்றி, ரொம்பப் பேசுகிறார்கள். அசலில் ஒவ்வொரு கம்பிக்கும் கீழே ஒரு அல்னிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம்) காந்தக் குச்சி. மலிவில் வெறும் இரும்புக் குச்சிகள், அடியில் ஒட்டிய செராமிக் காந்தம். டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) போட்டு பேண்டோடு வாசித்தால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால் ஆம்பை கிளீனில், அதாவது கரகரப்பில்லாமல், வைத்து, வால்யூமை ஏழுக்கு இறக்கி, மெதுவாக ஒரு கார்டை மீட்டினால் செராமிக்கில் ஒரு கண்ணாடித்தனம் தெரியும், அல்னிகோவில் அது மிருதுவாக மாறும். எனக்கு அந்த மிருது முக்கியம். அதனால்தான் ஸ்கொயரின் கிளாசிக் வைப் வரிசையை இவ்வளவு பேரிடம் சிபாரிசு செய்கிறேன்: அல்னிகோ பிக்கப், ஃபிஃப்டீஸ் ஸ்ட்ராட் என்றால் பைன் உடல், மேப்பிள் நெக், கை வைத்தவுடன் வாசிக்கத் தோன்றுகிறது. ஒன்றரை லட்சத்தைத் தாண்டும் அமெரிக்க ஸ்ட்ராட்டோடு ஒப்பிட்டால் விலை மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கம், வாசிப்பில் அந்த அளவு தூரம் நிச்சயமாக இல்லை. ஐரோப்பாவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஜெர்மனியின் தோமான் கடையுடைய ஹார்லி பென்டன் இருக்கிறது, டெலி வேண்டுமென்றால் அங்கே தாராளமாகப் பார்க்கலாம்.

எதை வாங்கினாலும் ஓரிரண்டாயிரம் செட்டப்புக்கு ஒதுக்கிவிடுங்கள். ஃப்ரெட் முனை, நட், நெக் வளைவு, ஆக்‌ஷன் (ஃப்ரெட்டிலிருந்து கம்பி நிற்கும் உயரம்), இந்த நாலையும் நல்ல கை ஒன்று தொட்டுவிட்டால் பத்தாயிரம் ரூபாய் டெலியும் மேடையேறும். சென்னையில் இருப்பவர்கள் பிரிட்ஜ் திருகுகளில் அவ்வப்போது துளி எண்ணெய் விடுங்கள், மலிவு முலாம் கடல் காற்றுக்குத் தாங்காது.

லெஸ் பால்தான் வேண்டும் என்று மனசு அடம் பிடித்தால் இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து எபிஃபோனுக்குப் போங்கள். 1957-இலிருந்து அது கிப்சனின் கையில் இருக்கும் பெயர், பசை போட்ட நெக் கொண்ட மாடலாகப் பாருங்கள். செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் இன்னும் நல்லது. லெஸ் பால் ஹெட்ஸ்டாக் பின்னால் சாய்ந்திருப்பதால் கிட்டார் கீழே விழுந்தால் அடி வாங்குவது அதன் கழுத்துதான், அதனால் காசு கொடுப்பதற்கு முன் நட்டுக்கு நேர் பின்பக்கம் டார்ச் அடித்து, விரிசலை ஒட்டி மேலே பெயிண்ட் பூசியிருக்கிறார்களா என்று பாருங்கள்.