ரயில் பெற்ற புறநகரும் கார் பெற்ற புறநகரும்

வீடு மாற்ற நினைக்கும் நண்பர்கள், "ஊருக்குள்ளேயே இருந்துவிடவா, இல்லை கொஞ்சம் வெளியே போய்விடவா?" என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த வெளியே? அவர்கள் வாடகை, அறைகள், காற்று, சத்தம் என்று ஒரு தாளில் கோடு போட்டு வந்திருப்பார்கள். இடப்பக்கம் நகரம், வலப்பக்கம் புறநகர். கணக்கு தப்புவது அந்த வலப்பக்கத்தில்தான். புறநகர் என்ற ஒரே சொல்லுக்குள் குணத்தில் ஒட்டவே ஒட்டாத இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ஒன்று ரயில் பெற்ற பிள்ளை, மற்றது கார் பெற்ற பிள்ளை. ஆக, போட்டி மூன்று பேருக்குள். மூன்றிலும் நான் குடியிருந்திருக்கிறேன். யார் பக்கம் சாய்கிறேன் என்பது போகப்போகத் தெரிந்துவிடும், மறைக்கப் போவதில்லை.

முதலில் ரயிலின் பிள்ளை. 1863இல் லண்டனில் உலகின் முதல் சுரங்க ரயிலை ஓட்டியது மெட்ரோபாலிட்டன் ரயில்வே. பிறகு அது வடமேற்கே வயல்வெளிகளுக்குள் தண்டவாளத்தை நீட்டிக்கொண்டே போனது. ரயில் விட்டால் போதுமா, ஏற ஆள் வேண்டாமா? 1915இல் அதன் விளம்பரப் பிரிவு அந்தப் பகுதி முழுவதற்கும் 'மெட்ரோ-லேண்ட்' என்று ஒரு பெயரை வைத்து, பசுமையும் அமைதியும் ரயிலில் போய்வரும் தூரத்தில் என்று கூவி விற்றது. ஜப்பானில் கோபயாஷி இச்சிஸோ இன்னும் கெட்டிக்காரர். 1910இல் ஒசாகாவிலிருந்து ரயில் பாதையைத் திறந்த கையோடு, வழியில் இருந்த இகேதாவில் வீடு கட்டித் தவணையில் விற்றார். காலையில் எல்லோரும் நகரத்துக்குப் போகிறார்கள். எதிர்த்திசைப் பெட்டிகள் காலியாகப் போகலாமா? பாதையின் மறுமுனையான தகராசுகாவில் வெந்நீர்க் குளியல் விடுதி வந்தது. 1914இல் பெண்கள் மட்டுமே நடிக்கும் இசை நாடகக் குழு மேடையேறியது. அது இன்றும் நடக்கிறது, கூட்டமும் குறையவில்லை. 1929இல் நகரத்து முனையமான உமேதாவில் நிலையத்தோடு ஒட்டிய பல்பொருள் அங்காடி. வீடு, வேலை, பொழுதுபோக்கு, கடை எல்லாவற்றையும் ஒரே தண்டவாளத்தில் கோத்துவிட்டார் மனிதர்.

இப்படிப் பிறந்த ஊருக்கு ஒரு உடலமைப்பு உண்டு. நடுவில் நிலையம், அதை ஒட்டிக் கடைத்தெரு, அதைச் சுற்றி வீடுகள். ரயிலுக்கு நடந்து வர முடியாத இடத்தில் வீடு விலை போகாது என்பதால் ஊர் தானாகவே காலடிக்குள் அடங்கிவிட்டது.

காரின் பிள்ளைக்கு எல்லோரும் காட்டும் உதாரணம் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலேண்டில் உள்ள லெவிட்டவுன். 1947க்கும் 1951க்கும் இடையில் 17,000க்கும் அதிகமான வீடுகள் அங்கே எழுந்தன. தொழிற்சாலையில் ஆள் நிற்பான், பொருள் நகரும். இந்த வீடுகளைக் கட்டிய லெவிட் குடும்பத்தார் அதைத் தலைகீழாக்கினார்கள். வீடு நின்றது, ஆட்கள் நகர்ந்தார்கள்: அடித்தளம் போட ஒரு குழு, கூரைக்கு ஒரு குழு, வண்ணம் பூச ஒரு குழு. போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு அரசு உத்தரவாதத்தோடு கடன் கிடைத்தது. நெரிசலான அறைகளில் மாமனார் வீட்டாரோடு இருந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை ஏளனம் செய்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஆனால் தொடக்க கால ஒப்பந்தத்திலேயே வெள்ளையர் அல்லாதவர் அங்கே குடியிருக்கக் கூடாது என்ற வரி இருந்ததையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

காரின் பிள்ளைக்குச் சட்ட வழி முன்பே போடப்பட்டிருந்தது. வீடுகள் இருக்கும் பகுதி தனி, கடையும் தொழிலும் இருக்கும் பகுதி தனி என்று ஊராட்சிகள் பிரிப்பது செல்லும் என 1926இல் யூக்ளிட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. புகைபோக்கியை வீட்டுக்குப் பக்கத்தில் விடக் கூடாது என்பது நியாயம்தான். ஆனால் அந்தக் கோடு தெருமுனைக் கடையையும் சேர்த்து விரட்டிவிட்டது. குழந்தைக்கு ஒரு பென்சில் வாங்க வண்டியை எடுக்க வேண்டிய ஊர் இப்படித்தான் உருவானது. இன்று உலகத்தின் பல மாநகரங்களைச் சுற்றி முளைக்கும் வாசல் காவலோடு கூடிய குடியிருப்புகள் எல்லாம் இதன் பேரப்பிள்ளைகளே, மாடி உயர்ந்திருக்கிறது என்பதைத் தவிர.

சரி, ஒப்பிடலாம்.

முதலில் நேரம். தமிழில் தூரத்தை நேரத்தால் அளக்கும் பழக்கம் உண்டு. ஒரு நாழிகை வழி என்றால் 24 நிமிடத்தில் நடந்து போகும் தூரம். செசாரே மார்க்கெட்டி என்ற இத்தாலிய இயற்பியலாளர் 1994இல் எடுத்த அளவுகோலும் ஏறக்குறைய இதுதான். மனிதர்கள் எந்தக் காலத்திலும் போய்வர ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் செலவிடுகிறார்கள், வேகமான வண்டி வந்தால் நேரத்தை மிச்சம் பிடிக்காமல் வீட்டைத் தள்ளிக் கட்டிக்கொள்கிறார்கள் என்பது அவர் வாதம். அப்படிப் பார்த்தால் மூன்று இடமும் ஒன்றுதான் என்று தோன்றும். நடுநகரில் இருபது நிமிட நடை, ரயில் புறநகரில் நாற்பது நிமிடப் பயணம், கார் புறநகரில் சாலை நன்றாக இருந்தால் அதே நாற்பது.

ஆனால் நிமிடத்துக்கு நிமிடம் தரம் வேறு. ரயிலில் நான் தூங்கியிருக்கிறேன், படித்திருக்கிறேன், ஒரு மொழியில் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டிருக்கிறேன். கார் ஓட்டிய மூன்று வருடத்தில் முன்னால் போகிறவரைத் திட்டுவதைத் தவிர வேறு எதையும் கற்கவில்லை. அப்புறம், ரயில் தாமதமானால் கூட்டத்தோடு சேர்ந்து சலித்துக்கொள்ளலாம். சாலை நெரிசலில் அந்தச் சின்ன ஆறுதல்கூடக் கிடையாது.

இரவு வந்தால் ரயிலின் பிள்ளை தோற்கிறான். நியூயார்க்கின் சுரங்க ரயில் இரவெல்லாம் ஓடும். லண்டனில் 2016இல்தான் வெள்ளி, சனி இரவுகளில் மட்டும் சில பாதைகளில் விடிய விடிய ஓடத் தொடங்கியது. டோக்கியோவில் நள்ளிரவு தாண்டியதும் எல்லாம் ஓய்ந்துவிடும். கடைசி ரயில் என்பதற்கென்றே அங்கே தனிச் சொல் இருக்கிறது, மாலை விருந்துகள் அந்தச் சொல் காதில் விழுந்ததும் கலைகின்றன. ரயில் புறநகரில் குடியிருப்பவனை நாடக அரங்கில் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். கதவோர இருக்கையில், மடியில் பையோடு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவன் அவன். கொலைகாரன் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாத நாடகங்கள் இரண்டு உண்டு. நடுநகரில் இருந்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. முடிவு வரை பார்த்து, முடிவைப் பற்றித் தெருவில் நின்று சண்டை போட்டு, நடந்தே வீடு வந்து சேரலாம். கார் புறநகர்க்காரர் எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம், நியாயம். ஆனால் ஓட்டிக்கொண்டு திரும்ப வேண்டும் என்ற நினைப்பிலேயே அவர் பல நாள் கிளம்பாமல் இருந்துவிடுவார்.

மனிதர்கள் விஷயம்தான் இருப்பதிலேயே சுவாரசியமானது, சிக்கலானதும்கூட.

நகரத்து மனிதனுக்கு இதயம் இல்லை என்பது பழைய குற்றச்சாட்டு. ஜெர்மன் சமூகவியலாளர் கியோர்க் ஸிம்மல் 1903இலேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டார். ஒரு நாளில் இத்தனை ஆயிரம் முகங்களையும் ஓசைகளையும் எதிர்கொள்பவன் எல்லாவற்றுக்கும் மனதைத் திறந்தால் சிதறிப்போவான், அலட்சியம் அவன் போட்டுக்கொள்ளும் கவசம் என்றார். நடுநகரில் என் எதிர்வீட்டுக்காரரின் பெயர் எனக்கு நான்கு வருடமும் தெரியாது. அதற்காக நான் அநாதையாக இருந்ததாகச் சொல்ல முடியாது. எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் நியூயார்க்கின் தன் தெருவைப் பற்றி எழுதியபோது ஒரு நுட்பத்தைப் பிடித்தார்: அங்கே உள்ளவர்கள் வெளியூர் போனால் வீட்டுச் சாவியைப் பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுத்து வைப்பார்கள். கடைக்காரர் சாவியைப் பத்திரமாக வைத்திருப்பார், யார் வந்தார்கள் எதற்கு வந்தார்கள் என்று தோண்ட மாட்டார். நம்பிக்கை உண்டு, நெருக்கம் கிடையாது. இந்த அளவான உறவுதான் நடுநகரின் பெரிய சொத்து என்று நினைக்கிறேன். தெருவில் எந்நேரமும் கண்கள் இருப்பதால் பாதுகாப்பு என்றும் அவர் சொன்னார். அதே தெருவில் கடைகள் மூடி, மேல்மாடிகள் அலுவலகங்களாக மாறிவிட்டால் அந்தக் கண்களும் மாலை ஆறு மணிக்கு ரயிலேறிவிடும் என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரவில் ஆளரவமற்ற நடுநகரங்கள் எத்தனையோ உண்டு.

கார் புறநகர் இதற்கு நேர் எதிர். பக்கத்து வீட்டாரின் மருமகளுக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதுவரை தெரிந்துவிடும். இரவு இரண்டு மணிக்கு வயிற்றுவலியில் துடித்த என்னைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு போனவர் அங்கே அடுத்த வீட்டில் இருந்தவர்தான். நடுநகரில் அப்படி ஒருவர் எனக்குக் கிடைத்திருப்பாரா என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அதே மனிதர் என் வாசலில் புல் வளர்ந்திருப்பதைப் பற்றியும் மூன்று முறை பேசினார். அங்கே உறவு என்றால் முழு உறவு, இல்லை என்றால் சுவர். நடுவில் ஒன்றும் இல்லை, ஏனென்றால் நடுவில் நின்று பேச ஒரு தெருமுனை இல்லை.

ரயில் புறநகரில் மூன்றாவதாக ஒரு வகை மனிதர் இருக்கிறார். உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1972இல் அவரை 'பழகிய அந்நியர்' என்றார். அவருடைய மாணவர்கள் புறநகர் நிலையங்களுக்குப் போய், காலையில் ரயிலுக்குக் காத்திருந்தவர்களைப் படமெடுத்து, பிறகு அந்தப் படத்தை அவர்களிடமே காட்டிக் கேட்டார்கள். முகம் தெரிந்தும் ஒரு வார்த்தை பேசாதவர்கள் ஒவ்வொருவருக்கும் சராசரியாக நான்கு பேர் இருந்தார்கள். வருடக்கணக்கில் அதே தூணருகே நிற்பவர், பேச்சு மட்டும் இல்லை. ஊரைவிட்டு எவ்வளவு தள்ளிச் சந்திக்கிறார்களோ, அவ்வளவுக்கு அவர்கள் பேசிக்கொள்ளும் வாய்ப்பு கூடும் என்பதும் மில்கிராமின் கணிப்பு.

கலை, பண்பாடு என்று வந்தால் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நகரத்துக்கு ஓட்டுப் போடுவார்கள். அரங்கம், அருங்காட்சியகம், நூலகம் எல்லாம் அங்கேதானே? நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். நகரம் காட்சிக்கு வைக்கும் இடம். உருவாவது பல நேரம் வெளியே. டெட்ராய்ட் டெக்னோ என்று உலகம் ஆடும் இசையைத் தொடங்கிய மூன்று பேர், ஜுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன், டெட்ராய்ட்டுக்கு வெளியே பெல்வில் என்ற சின்ன இடத்தில் பள்ளித் தோழர்கள். பாடகர் டேவிட் போவி வளர்ந்தது லண்டன் ஓரத்து பிராம்லியில். சலிப்பும், சத்தம் போட ஒரு வண்டிக் கொட்டகையும், தொலைவில் தெரியும் நகரத்தின் மேல் ஏக்கமும் சேர்ந்தால் பதினாறு வயதுக்காரர்கள் எதையாவது செய்துவிடுகிறார்கள். ஆனால் சலிப்பு எப்போதும் இசையாக மாறுவதில்லை. பாரிஸுக்கு வடக்கே சார்சேலில் வரிசை வரிசையாக அடுக்குமாடிகள் எழுந்தபோது அங்கே குடியேறியவர்களின் மனச்சோர்வுக்குப் பிரெஞ்சுப் பத்திரிகைகள் 'சார்செலித்' என்று நோய்ப்பெயரே வைத்தன. வீடு இருந்தது, வெந்நீர் இருந்தது, போய் உட்கார இடம் இல்லை.

குடியேறி வந்தவர்களின் பண்பாடும் இப்போது பல நாடுகளில் நடுநகரைவிட்டு ஓரத்துக்கு நகர்ந்துவிட்டது. டொரோண்டோவின் ஸ்கார்பரோவில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

செலவைப் பற்றி ஒரு வரி போதும்: நடுநகரின் வாடகையோடு கார் புறநகரின் வாடகையை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள், அங்கே தேவைப்படும் இரண்டாவது காரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

யாரும் தாளில் எழுதிக்கொண்டு வராத ஒன்று வயது. ஆறு வயதுக் குழந்தைக்குக் கார் புறநகர் சொர்க்கம். சைக்கிள், புல்தரை, வேகமில்லாத முட்டுச்சந்து. அதே குழந்தைக்குப் பதினைந்தாகும்போது நண்பனைப் பார்க்க அப்பாவின் கருணை வேண்டும். எழுபத்தைந்தில், கண் மங்கி ஓட்டக் கூடாது என்று மருத்துவர் சொன்ன நாளில், மகனின் கருணை. என் மாமா ஒருவர் அப்படித்தான் விசாலமான ஒரு வீட்டின் சன்னலோரத்தில் உட்கார்ந்துபோனார். நடுநகர் இருபத்தைந்து வயதுக்கென்றே செய்தது போல இருக்கும், குழந்தை பிறந்ததும் குறுகிவிடும். ரயிலின் பிள்ளை எந்த வயதிலும் முதல் மதிப்பெண் வாங்குவதில்லை. ஆனால் எந்த வயதிலும் தோற்பதும் இல்லை. பதினைந்து வயதுப் பெண் தானே பயணச்சீட்டு எடுத்துப் போவாள், எழுபத்தைந்து வயதுக்காரர் நிலையத்துக் கடைத்தெருவரை மெல்ல நடந்து, நாலு பேரைப் பார்த்துவிட்டு வருவார்.

வீடு பார்க்கப் போகும்போது ஞாயிறு காலை தரகரோடு போகாதீர்கள். செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்குத் தனியாகப் போய், அந்த வாசலிலிருந்து ஒரு பென்சில் வாங்க நடந்து பாருங்கள். எவ்வளவு நேரம் ஆனது, வழியில் எத்தனை பேர் எதிரே வந்தார்கள், நடைபாதை எங்கே முடிந்துபோனது என்று பாருங்கள்.

நான் கடைசியில் வந்து நின்றது நிலையத்திலிருந்து பதினோரு நிமிட நடையில் இருக்கும் ஒரு வீட்டில். என் பிளாட்ஃபார்மிலும் ஒரு பழகிய அந்நியர் உண்டு. மழை இல்லாத நாளிலும் கையில் குடை. ஆறு வருடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. போன வருடம் முன்பின் தெரியாத ஒரு நாட்டின் விமான நிலையத்தில், தாமதமான விமானத்துக்காகக் காத்திருந்தபோது எதிர் இருக்கையில் அந்தக் குடை. இருவரும் எழுந்து நின்று கிட்டத்தட்டக் கட்டிக்கொண்டோம். அரை மணி நேரம் பேசினோம். அவர் பெண்ணின் திருமணம், என் முதுகுவலி, ரயில் அட்டவணையில் செய்த மாற்றம். திங்கட்கிழமை காலை அதே தூணருகே அவர் நின்றார். நான் தலையை லேசாக அசைத்தேன். அவரும் அசைத்தார். அப்புறம் இருவரும் ரயில் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.