பழைய அம்பாசிடருக்குப் பின் ஆக்ஸில் வேலை: புதுப்பேட்டையை எதுவரை நம்பலாம்?

ஐம்பது வயதைத் தாண்டிய அம்பாசிடர், லேண்ட்மாஸ்டர் வண்டிகளின் பின் ஆக்ஸிலை முழுசாக இறக்கி வேலை பார்க்க, சென்னையில் பழைய உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையை விட்டால் நல்ல இடம் இல்லை. சாமான் கிடைப்பதற்கும், கழற்றும் கைகளின் வேகத்துக்கும் முழு மார்க் கொடுக்கலாம். பல்சக்கரங்களை அளந்து பொருத்தும் செட்டிங்கில்தான் கடைக்குக் கடை வித்தியாசம். அதனால், நுண்ணிய அசைவையும் அளக்கும் டயல் கேஜ் பற்றி வண்டியை விடும் முன்பே கேட்டுவிடுங்கள்: "அண்ணே, டயல் கேஜ் இருக்கா?"

முதலில் சாமான். அம்பாசிடர் 2014-ல் நின்றுபோனாலும் கிரவுன்-பினியன் (சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குத் திருப்பித் தரும் பெரிய, சிறிய பல்சக்கர ஜோடி) இன்னும் கிடைக்கிறது. இரண்டும் ஜோடியாக உரசிப் பதம் பார்க்கப்பட்டவை. ஜோடி எண் பொறித்திருந்தால் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஜோடி மாறினால் எத்தனை முறை செட் செய்தாலும் ஊளை நிற்காது. பல்லையும் எண்ணுங்கள். பினியன் 9, கிரவுன் 43 என்றால் ரேஷியோ 4.78. உங்கள் பழைய செட்டோடு ஒத்துப்போகாவிட்டால் இழுவையும் மாறும், ஸ்பீடோமீட்டரும் தப்பாகக் காட்டும். ஆக்ஸில் ஷாஃப்டை வெளிச்சத்தில் பிடித்து ஸ்பிளைன் எனப்படும் நீளவாட்டுப் பல் வரிகளைப் பாருங்கள். லேசாக முறுக்கியிருந்தாலும் வேண்டாம்.

வெள்ளத்தில் நின்ற ஆக்ஸில் நம்ம ஊருக்கே உரிய தலைவலி. 2015, 2023 டிசம்பர்களில் தண்ணீரில் நின்ற வண்டிகளின் ஹவுசிங்கில் (ஆக்ஸிலின் வெளிக்கூட்டில்) பிரீதர் என்ற காற்றுத் துளை வழியாகவும் ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் வழியாகவும் தண்ணீர் இறங்கியிருக்கலாம். ஆயில் மோர் மாதிரி வெளுத்து வந்தால் பேரிங்கின் வெளி வளையமான கப்பைத் துடைத்து நகத்தால் வருடுங்கள். ரோலர் நின்ற இடத்திலெல்லாம் கறுப்புக் கோடு, ஒவ்வொன்றிலும் நகம் தட்டும். அந்த பேரிங்கைக் கழுவிப் போட்டுப் பயனில்லை. உள் வளையமான கோனும் கப்பும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டில் புதுப்பேட்டைக்காரர்கள் கெட்டிக்காரர்கள், சுத்தியலை மட்டும் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஷாஃப்ட் மூட்டிலுள்ள சிலுவை வடிவக் கிராஸின் கப்பை வைஸில் வைத்துத்தான் அழுத்த வேண்டும். அடித்து ஏற்றினால் ஊசி ரோலர் ஒன்று சரிந்து அடியில் படுத்துக்கொள்ளும், கப்பைப் பிடிக்கும் வளையமான சர்கிளிப் பள்ளத்தில் உட்காராது. அப்புறமும் அடித்தால் கப் உடையும். நான்கு சர்கிளிப்பும் உட்கார்ந்தபின் கிராஸ் எல்லாப் பக்கமும் விரலால் அசைய வேண்டும். ஷாஃப்டின் ஸ்பிளைன் இணைப்பைப் பிரிக்கும் முன் இரு பக்கமும் அடையாளம் போட வேண்டும். இரு முனை யோக்கும் (கிராஸைப் பிடிக்கும் கவைகளும்) ஒரே கோட்டில் இல்லாவிட்டால், புதுக் கிராஸ் போட்டும் அதிர்வு போகாது. பேலன்சிங்கை அதற்கென்று மெஷின் வைத்திருப்பவரிடமே கொடுங்கள்.

இனி செட்டிங். பினியன் நட்டை முறுக்கி, கையால் ஒரு சுற்றுச் சுற்றி, "கரெக்டா இருக்கு சார்" என்பதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். பேரிங் பிரீலோடை, அதாவது பினியன் பேரிங் எவ்வளவு இறுக்கமாகச் சுற்றுகிறது என்பதைப் பார்க்க விலை உயர்ந்த கருவி வேண்டாம். ஆயில் சீல் போடும் முன், பினியன் முனையின் வட்டத் தட்டான ஃபிளேஞ்சில் நூலைச் சுற்றி ஸ்பிரிங் தராசால் இழுத்தால் போதும். மேனுவல் 14 கிலோ-சென்டிமீட்டர் கேட்டு, ஃபிளேஞ்சின் ஆரம் 4 சென்டிமீட்டர் என்றால், ஒரே சீராகச் சுற்றும்போது தராசு 3.5 கிலோ காட்ட வேண்டும். குறைந்தால் பினியன் ஆடும், கூடினால் பேரிங் வெந்துபோகும்.

அடுத்தது பேக்லாஷ், அதாவது கிரவுன், பினியன் பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. இந்த பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வகை ஆக்ஸிலுக்கு 5 முதல் 7 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.13 முதல் 0.18 மில்லிமீட்டர். கிரவுனின் பின்புறம் அளவு பொறித்திருந்தால் அதுதான் கணக்கு. நாலு இடத்திலாவது டயல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு பல்லில் புளூ என்ற நீலச் சாயம் தடவிச் சுற்றினால் தடம் விழும். தடம் பல்லின் வெளி முனைக்கு ஒதுங்கினால் கிரவுனைப் பினியன் பக்கம் தள்ள வேண்டும், உள் முனைக்கு ஒதுங்கினால் விலக்க வேண்டும். பல்லின் உச்சியில் விழுந்தால் பினியன் உள்ளே போக வேண்டும், அடியில் விழுந்தால் வெளியே. ஒவ்வொரு ஷிம் (இடையில் வைக்கும் மெல்லிய தகடு) மாற்றத்துக்கும் திரும்ப அளந்தாக வேண்டும் என்பதால் இதற்கே ஒரு நாள் ஓடிவிடும். மாலைக்குள் முடித்துத் தருகிறேன் என்பவர் இந்த வேலையைச் செய்யப்போவதில்லை. முழு நாள் கேட்பவருக்குக் கூலி கூடுதலாகக் கொடுப்பதே நியாயம்.

மூடும் முன் பிரீதரைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்தார்களா என்று பாருங்கள். அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, புதுச் சீலையும் தாண்டி ஆயில் பிரேக் ஷூவுக்கு வந்துவிடும். ஹைபாய்டுக்கான (இந்த வகைப் பல்சக்கரத்துக்கான), அதிக அழுத்தம் தாங்கும் இ.பி. 90 ஆயிலை லெவல் பிளக் வரை மட்டும் ஊற்ற வேண்டும்.

500 கிலோமீட்டர் ஓடியதும் அந்த ஆயிலை வடித்து, அதில் ஒரு காந்தத்தை விட்டுப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை ஒட்டினால் பரவாயில்லை. விரலில் நெருடும் துகள் வந்தால், வண்டியை ஓட்டாமல் அதே கடைக்குக் கொண்டுபோய்த் திரும்பத் திறக்கச் சொல்லுங்கள்.