வாடிக்கையாளர் பட்டியலைச் சீர்ப்படுத்த எந்த வழி? டெல்டா கடைகளுக்கான ஓர் அலசல்

கும்பகோணத்துப் பாத்திரக் கடை, திருபுவனத்துப் பட்டு விற்பனையகம், மன்னார்குடியில் விதையும் உரமும் விற்கும் கடை என்று காவிரிப் படுகையின் நடுத்தரத் தொழில்கள் எதை எடுத்துக்கொண்டாலும், அங்கே இன்று ஒரு வாடிக்கையாளர் பட்டியல் இருக்கிறது. பில் போடும் மென்பொருளிலிருந்து ஒரு பகுதி, முதலாளியின் கைப்பேசியிலிருந்து ஒரு பகுதி, பழைய பேரேட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்தது ஒரு பகுதி என்று சேர்ந்த பட்டியல் அது. அதைச் சீராக்குவதில் இரண்டு வேலைகள் அடங்கியிருக்கின்றன. கொடுத்த எண்ணும் முகவரியும் உண்மையில் செல்லுபடியாகுமா என்று பார்ப்பது சரிபார்ப்பு. பல விதமாக எழுதப்பட்டிருப்பதை ஒரே வடிவுக்குக் கொண்டுவருவது சீர்மை. சந்தையில் கிடைக்கும் வழிகள் ஒவ்வொன்றும் இவற்றில் ஒன்றை நன்றாகவும் மற்றதை அரைகுறையாகவும் செய்கின்றன என்பதால்தான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எக்செல்

பெரும்பாலோர் தொடங்கும் இடம் இதுதான். சில நூறு வரிகள் கொண்ட பட்டியலுக்கு இது போதும் என்றே நான் கருதுகிறேன். ஆனால் எக்செல் தானாகச் செய்யும் மாற்றங்கள் தொடர்புத் தரவுக்கு நேர் எதிரானவை. எண்ணின் முன்னால் உள்ள சுழியத்தை அது நீக்கிவிடும். 91 சேர்த்து 12 இலக்கமாக எழுதிய கைப்பேசி எண்ணை 9.19E+11 என்று சுருக்கிக் காட்டும். அந்த நிலையிலேயே கோப்பை சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) வடிவில் சேமித்தால் எஞ்சிய இலக்கங்கள் மீட்க முடியாதபடி போய்விடும். 12/7 என்ற பழைய எண், புதிய எண் கொண்ட கதவிலக்கம் தேதியாக மாறி நிற்கும். ஆகவே தரவை உள்ளிடுவதற்கு முன்பே அந்த நெடுவரிசைகளை ‘டெக்ஸ்ட்’ வகைக்கு மாற்றியாக வேண்டும். சொல்லிடைவெளிகளை நீக்கும் டிரிம் கட்டளைகூட இணையப் பக்கங்களிலிருந்து ஒட்டிய எழுத்துகளோடு வரும் உடையா இடைவெளியை (பார்வைக்குச் சாதாரண இடைவெளி, கணினிக்கு வேறு குறியீடு) தொடாது. அதைத் தனியே கண்டுபிடித்து மாற்ற வேண்டும்.

இதைவிடப் பெரிய குறை, செய்த மாற்றங்களின் வரலாறு கோப்பில் தங்காதது. பட்டியலைப் பணியாளர் ஒருவர் திருத்திச் சேமித்த பிறகு, எந்த வரியில் எதை ஏன் மாற்றினார் என்று எவராலும் சொல்ல முடியாது.

ஓப்பன்ரிஃபைன்

கட்டணமில்லாத, நிரலை எவரும் பார்க்கவும் மாற்றவும் கூடிய இந்தத் திறமூல மென்பொருள் 2010-இல் வேறு பெயரில் தோன்றி, பிறகு சில ஆண்டுகள் கூகுளின் பெயரைத் தாங்கி, 2012 முதல் சமூகத் திட்டமாக நடந்துவருகிறது. சொந்தக் கணினியிலேயே இயங்குவதால் வாடிக்கையாளரின் விவரம் கடையை விட்டு வெளியே போவதில்லை. செய்த ஒவ்வொரு மாற்றமும் படிவரிசையாகப் பதிவாகிறது; வேண்டாத படியிலிருந்து பின்னோக்கிப் போகலாம், அதே படிகளை அடுத்த மாதத்துப் பட்டியலின் மீதும் ஏவலாம். எக்செல்லின் குறை இங்கே முழுவதுமாகத் தீர்கிறது.

இதன் தனிச்சிறப்பு, ஒன்றுபோல் தோன்றும் மதிப்புகளைக் கொத்தாக்கிக் காட்டுவது. ‘ஃபிங்கர்பிரின்ட்’ எனப்படும் முறை நிறுத்தக்குறிகளை நீக்கி, சொற்களை அகர வரிசையில் அடுக்கி ஒப்பிடுகிறது. அதனால் ‘ச. குமார்’, ‘குமார் ச’ ஆகிய இரண்டும் ஒரே கொத்தில் வந்து சேரும். தலைப்பெழுத்தை முன்னால் சிலரும் பின்னால் சிலரும் எழுதும் நம் வழக்கத்துக்கு இது பெரும் உதவி.

ஆனால் அதே முறைதான் நம் ஊரில் ஆபத்தாகவும் ஆகிறது. பேரனுக்குத் தாத்தாவின் பெயரை வைக்கும் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். முருகையனின் மகன் செல்வராசு தன் பெயரை ‘முருகையன் செல்வராசு’ என்று எழுதியிருப்பார். அவருடைய மகன், தாத்தாவின் பெயரைத் தாங்கியவர், ‘செல்வராசு முருகையன்’ என்று எழுதியிருப்பார். சொற்களை வரிசைப்படுத்தியதும் அப்பாவும் மகனும் ஒருவராகிவிடுகிறார்கள். வீட்டு முகவரி ஒன்று. பல நேரங்களில் கொடுத்திருக்கும் கைப்பேசி எண்ணும் ஒன்று. பெயர், முகவரி, எண் மூன்றும் பொருந்துகின்றன என்பதற்காக இந்த இரண்டு வரிகளை இணைத்தால், உரக்கடையில் அப்பா பெயரில் இருக்கும் கடன் பாக்கியும் மகன் செலுத்திய முன்பணமும் ஒரே கணக்கில் கலந்துவிடும். பெயர் நெடுவரிசையில் எந்தக் கருவியும் தானாக இணைக்க அனுமதிக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். கருவி கொத்துகளைக் காட்டட்டும். கடையில் அந்தக் குடும்பத்தை அறிந்தவர் பார்த்து முடிவெடுக்கட்டும். நல்வாய்ப்பாக, ஓப்பன்ரிஃபைன் ஒவ்வொரு கொத்தையும் காட்டிக் கேட்ட பிறகே இணைக்கிறது. ‘அனைத்தையும் தேர்ந்தெடு’ என்ற பொத்தானை அழுத்தாமல் இருப்பது நம் பொறுப்பு.

ஊர்ப் பெயரில் நிலைமை வேறு. மயிலாடுதுறை, மாயவரம், மாயூரம், கும்பகோணம், குடந்தை, தரங்கம்பாடி, டிராங்குபார் என்று எழுதியிருப்பவற்றை ஒலிப்பொருத்தமோ எழுத்துப்பொருத்தமோ ஒன்றுசேர்க்காது. இதற்குக் கையால் ஒரு சிறு பொருத்த அட்டவணை எழுதுவதே வழி. ஒரு நாள் வேலைதான், ஆனால் டெல்டாவைத் தெரிந்தவர் எழுத வேண்டும்.

நிரல்வழி: தொலைபேசி எண்ணுக்கு

பைத்தான் போன்ற மொழியில் சிறு நிரல் எழுதக்கூடியவர் கடையிலோ குடும்பத்திலோ இருந்தால், தொலைபேசி நெடுவரிசைக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. கூகுள் திறமூலமாக வெளியிட்டிருக்கும் ‘லிப்ஃபோன்நம்பர்’ நிரலகம் (நம் நிரலில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல்தொகுப்பு) எந்த வடிவில் எழுதிய எண்ணையும் இ.164 என்ற பன்னாட்டு வடிவுக்கு மாற்றித் தரும். அதாவது கூட்டல் குறி, நாட்டுக் குறியீடு, எண். மொத்தம் 15 இலக்கத்துக்கு மிகாமல்.

இதை எக்செல் சூத்திரத்தால் செய்ய முயல்வோர் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. முன்னால் உள்ள 91-ஐ நீக்கு என்று கட்டளையிட்டால், 91 என்றே தொடங்கும் உண்மையான பத்து இலக்கக் கைப்பேசி எண்ணும் எட்டு இலக்கமாகக் குறைந்துவிடும். இந்தியக் கைப்பேசி எண் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில் தொடங்கும், பத்து இலக்கம் கொண்டிருக்கும் என்பதை நீளத்தோடு சேர்த்துப் பார்த்த பிறகே எதையும் நீக்க வேண்டும். லேண்ட்லைன் எண்ணும் சுழியம் போனபின் பத்து இலக்கமே: கும்பகோணத்தின் 435-உடன் ஏழு இலக்கம், தஞ்சாவூரின் 4362-உடன் ஆறு இலக்கம். எஸ்டிடி குறியீடு இல்லாமல் எழுதிய தஞ்சாவூர் எண் ஆறு இலக்கத்தில் நிற்கும். நெடுவரிசை மாறியிருந்தால் அது பின்கோடாகத் தோன்றும். பழைய பேரேடுகளிலிருந்து வந்த வரிகளில் இதைக் குறிப்பாகத் தேட வேண்டும்.

நிரலகம் ‘செல்லுபடியாகும்’ என்று சொல்வதன் பொருளையும் அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். எண்ணின் அமைப்பு சரி என்பதே அதன் பொருள். அந்த இணைப்பு உயிரோடு இருக்கிறதா, யாரிடம் இருக்கிறது என்பதை அது அறியாது.

தமிழில் பதிவான பெயர்களுக்கும் நிரல் உதவும். ‘கொ’ என்ற எழுத்தின் உயிர்க்குறி ஒரே குறியீடாகவும் பதிவாகலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என இரண்டு குறியீடுகளாகவும் பதிவாகலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கணினி இரண்டு வெவ்வேறு பெயர்களாக எண்ணக்கூடும். இரண்டையும் ஒரே வடிவாக்கும் யுனிகோடு இயல்பாக்கம் என்ற ஒரு வரிக் கட்டளை இதைத் தீர்க்கும். வானவில், பாமினி போன்ற பழைய தமிழ் எழுத்துருக்களின் காலத்துக் கோப்புகளை முதலில் யுனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் எதையும் தொடங்க வேண்டும்.

கட்டணச் சேவையா, அஞ்சல் துறையின் பட்டியலா?

முகவரியைச் சரிபார்த்துத் தரும் கட்டணச் சேவைகள் நகரங்களுக்கு இடையே கூரியர் அனுப்பும் பெரிய நிறுவனங்களுக்குப் பொருந்தும். மேலவீதியும் கீழவீதியும் சன்னதித் தெருவும் ஊருக்கு ஊர் இருக்கும் டெல்டாவில், தெருப் பெயரைக் கொண்டு வீட்டைத் தேடும் எந்த முறையும் தடுமாறும். அதற்குச் செலவிடும் பணத்தை மிச்சப்படுத்தி, அஞ்சல் துறை பொதுவில் வைத்திருக்கும் பின்கோடு பட்டியலை இறக்கிக்கொண்டு ஊரையும் பின்கோடையும் பொருத்திப் பார்ப்பதையே நான் பரிந்துரைப்பேன். 1972-இல் நடைமுறைக்கு வந்த இந்த ஆறு இலக்க எண்ணில் முதல் மூன்றே ஏறக்குறைய எந்த வட்டாரம் என்று காட்டிவிடும்: தஞ்சாவூர் 613, கும்பகோணம் 612, திருவாரூர் 610, நாகப்பட்டினம் 611.

பின்கோடிலிருந்து மாவட்டத்தையும் மாநிலத்தையும் தானாக நிரப்புவதில்தான் கவனம் வேண்டும். 609 என்று தொடங்குவது மயிலாடுதுறையும்தான், காரைக்காலும்தான். காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது. மாநிலம் தவறினால் ஜிஎஸ்டி பில்லில் வரியின் வகையே மாறிவிடும் என்பதால் இது சிறு பிழை அல்ல. மயிலாடுதுறை 2020-இல்தான் நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. பழைய பட்டியலைப் பயன்படுத்தினால் சீர்காழிக்காரர் இன்னும் நாகப்பட்டினம் மாவட்டத்திலேயே இருப்பார். அஞ்சல் துறை 2025-இல் வெளியிட்ட டிஜிபின் ஏறக்குறைய நான்கு மீட்டர் சதுரத்தை ஒரு குறியீட்டால் குறிப்பதால், தோப்பு வீடுகளுக்குப் பொருள் அனுப்பும் கடைகள் அதற்கென ஒரு நெடுவரிசையை இப்போதே ஒதுக்கி வைக்கலாம். பின்கோடுக்கு அது மாற்று அல்ல.

கல்லாவிலேயே உறுதிசெய்தல்: ஓடிபியா, மிஸ்டு காலா?

மேற்சொன்ன எந்த வழியும் எண் இன்னாருடையது என்று நிறுவாது. ஓடிபி நிறுவும், ஆனால் வணிக எஸ்எம்எஸ் அனுப்ப, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறைகளின்படி நிறுவனத்தையும் அனுப்புநர் பெயரையும் செய்தியின் மாதிரி வடிவத்தையும் பதிவு செய்ய வேண்டும். ஒற்றைக் கடைக்கு அது கூடுதல் சுமை. வாடிக்கையாளரையே கடையின் எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுக்கச் சொல்வது அதே உறுதியைச் செலவின்றித் தருகிறது. எண்ணை வாயால் சொல்லிக் கேட்டு எழுதும்போது நேரும் இலக்கப் பிழையும் இல்லாமல் போகிறது. வயதான விவசாயிகளுக்கு இதுவே எளிது. ஆகவே சிறு கடைக்கு மிஸ்டு கால், கிளைகள் கொண்ட நிறுவனத்துக்கு ஓடிபி என்பது என் முடிவு.

துண்டிக்கப்பட்ட எண் 90 நாள்களுக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். எனவே ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் ‘கடைசியாக உறுதிசெய்த தேதி’ என்ற நெடுவரிசை கட்டாயம் வேண்டும். விதை, உரக் கடைகளுக்கு இதைப் புதுப்பிக்க உகந்த காலம் குறுவைக்கும் சம்பாவுக்கும் விதை வாங்க ஆட்கள் நேரில் வரும் வாரங்கள். பட்டுக் கடைகளுக்கு ஆடித் தள்ளுபடி. அந்த நாள்களில் பில் போடுபவரின் திரையில், ஓராண்டுக்கு மேல் உறுதிசெய்யாத எண்கள் மட்டும் நிறம் மாறித் தெரியும்படி அமைத்துவிட்டால், வரிசையில் நிற்பவர்களைக் காக்க வைக்காமலேயே பட்டியல் புதுப்பிக்கப்பட்டுவிடும்.