கடலையும் சேர்த்து அளக்கும் டேட்டிங் ஆப்: ஒரு வருடத்துக்குப் பிறகு

போன வாரம் சந்தா விலையைக் குறைத்திருக்கிறார்கள். உடனே ஊர்த்தம்பி ஒருவன், இந்த வருடம்தான் கல்லூரியில் சேர்ந்தவன், "காசு கட்டலாமாண்ணா?" என்று கேட்டான். இந்த ஆப்பை ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருக்கிறேன், பாதிக் காலம் காசு கட்டி. படம் போடுவது, பிடித்தால் வலது பக்கம் தள்ளுவது எல்லாம் தெரிந்ததுதான். எனக்குத் தீராத எரிச்சல் அதன் தூரக் கணக்கு.

விழுப்புரம் பக்கமிருந்து வந்து வடசென்னையில், தண்டையார்பேட்டையில் அறை எடுத்திருக்கிறேன். 10 கிலோமீட்டர் என்று வைத்தால் என்னைச் சுற்றி ஒரு வட்டம் போடும். அதில் கிட்டத்தட்ட பாதி வங்காள விரிகுடா. மீதியில் துறைமுகம், மணலி ஆலைகள் போக இருக்கும் ஆட்கள் சீக்கிரம் தீர்ந்துவிடுவார்கள். அப்புறம் தானாகவே அடையாறு, வேளச்சேரி என்று தெற்கே ஓடும். அடையாறு 13 கிலோமீட்டர் என்று காட்டும். மெட்ரோவில் கிண்டி போய், அங்கே பஸ் பிடித்துப் போகிறவனுக்குத்தான் அந்தத் தூரம் தெரியும்.

அதைக்கூடப் பொறுக்கலாம். நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவர்கள் "எந்த ஏரியா?" என்பார்கள். சொன்னதும் "ஓ, அங்கேயா?" அதோடு சரி, பதில் வராது. முதல் செமஸ்டரில் வகுப்பில் பேச ஆளில்லை. அறையில் மற்றவர்கள் தூங்கிய பிறகு அந்தத் திரையையே பார்த்துக் கிடப்பேன். தனிமை போகட்டும் என்று போட்ட ஆப் அதை இரண்டு மடங்காக்கியது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

காலடிப்பேட்டைப் பெண் ஒருவரைக் காட்டியதும் அதுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஏரியாவைச் சொன்னதும் அவர் கேட்டது, "பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ சாப்பிட்டிருக்கீங்களா?" பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் அது. கடைக்காரர் கையால் பிசைந்து, வாழைத்தண்டு சூப்போடு தந்தார். எங்கள் ஏரியா வழியாக விம்கோ நகர் வரை மெட்ரோ திறந்தது 2021 பிப்ரவரி 14, காதலர் தினத்தன்று என்று அன்றைக்கு அவர் சொல்லித்தான் தெரியும். காதல் என்று இருவரும் இன்னும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தால் எனக்கு இப்போது பயமில்லை.

இருந்தும் 5-க்கு 2 தான். மூன்று ஸ்டேஷன் தள்ளி இருந்தவரைக் காட்டுவதற்குள் ஊரின் தெற்குப் பாதி முழுக்க என்னை அலையவிட்டது. தம்பியிடம், "காசு கட்டாதே. போடுவதென்றால் சும்மா போடு, தூரத்தை 5-க்கு இறக்கு, முதல் வரியிலேயே ஏரியா பெயரை எழுது" என்று சொல்லியிருக்கிறேன்.